பளபளப்பை எடுக்கும் காகிதம்

என் மனைவியின் அண்ணன் ஒரு பேக்கரியில் அடுப்படி வேலை செய்துகொண்டிருந்தார். ஒருநாள் சர்க்கரைப் பாகு காய்ச்சிய சட்டி சாய்ந்தபோது, விழாமல் பிடிக்க வலது கையை நீட்டிவிட்டார். கொதிநீர் என்றால் வழிந்து போய்விடும். பாகு ஒட்டிக்கொள்ளும். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது அவருடைய உள்ளங்கை முழுவதும் புதுத் தோலாக இருந்தது. வெங்காயத்தின் உள்தோல் போல மெல்லியதாக, இளஞ்சிவப்பாக, ரேகை எதுவும் இல்லாமல்.

இது தொண்ணூற்று ஐந்து வாக்கில். அவரும் நாங்களும் மர்பி டவுனில் இரண்டு சந்து தள்ளிக் குடியிருந்தோம். நான் மூங்கில் கடையில் வேலை செய்தேன். ஏணி கட்டுவது, தட்டி பின்னுவது, பந்தலுக்குக் கழி அறுத்துக் கொடுப்பது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவன். பேச்சு எனக்கு வராது. யாராவது என்னை நேராகப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால், பதில் தெரிந்திருந்தாலும் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும்.

மச்சான் அதற்கு நேர் எதிர். எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார். எங்கள் கடை மூடும் நாளும் அவருடைய வார லீவும் செவ்வாய்க்கிழமையாக அமைந்துவிட்டதால், வருஷக்கணக்காக ஒவ்வொரு செவ்வாயும் சந்தாபுராவுக்கு பஸ் ஏறி, அங்கிருந்து நடந்து ஓர் ஏரிக்கரைக்கு மீன் பிடிக்கப் போவோம். இரண்டு பேருக்கும் சேர்த்து டிக்கெட் கேட்பது அவர். ஏரிக்கரையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களிடம் கன்னடத்திலும் தெலுங்கிலும் வம்பளப்பதும் அவர்தான். நான் மிதவையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு வேறு சிநேகிதர் கிடையாது.

கை வெந்த பிறகு அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. புண் ஆறிவிட்டது, விரல்களை மடக்கி நீட்டிப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவரோ அந்தக் கையை மடியில் ஒரு துண்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு நாள் முழுதும் டிவி பார்த்தார். சோற்றை இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டார். பேக்கரியில் அவருக்காக இடம் வைத்திருந்தார்கள். போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாரே தவிரப் போகவில்லை.

ஒரு செவ்வாய் நான் போய்க் கூப்பிட்டேன்.

"பழைய கம்பை எடுத்துப் பார்த்தேன் மாப்ள," என்றார். "தொட்டாலே முள்ளு மேல கை வெச்ச மாதிரி இருக்குது. நீ போய்ட்டு வா."

நான் தனியாகப் போகவில்லை. அன்று வீட்டுக்கு வந்து அவருடைய பழைய கம்பை நினைத்துக்கொண்டிருந்தேன். கடையில் மிஞ்சிய மூங்கிலில் நான் செய்து கொடுத்ததுதான். கணுவை அரிவாளால் சீவி, உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்தது. நல்ல கைக்கு அது போதும். அவருடைய புதுத் தோலுக்கு அதன் ஒவ்வொரு நாரும் தெரிந்திருக்கிறது. நார் தெரியாத ஒரு கம்பைச் செய்துவிட்டால் அவர் வருவார் என்று தோன்றியது. அவர் வந்தால் கை பழகும். கை பழகினால் வேலைக்குப் போவார். இதை யாரிடமும் சொல்லவில்லை.

கல் மூங்கிலில் நேரானதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அந்த ஜாதியில் உள்ளே துளை குறைவு, வளைந்தாலும் உடையாது. கோணல் இருந்த இடங்களை அனலில் காட்டி நிமிர்த்தினேன். கணுக்களை அரத்தால் இறக்கினேன். எங்கள் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் கிடைத்த உப்புத்தாளிலேயே சன்னமானதை வாங்கித் தேய்த்தேன். என் கைக்கு வழவழப்பாக இருந்தது. கன்னத்தில் வைத்து இழுத்துப் பார்த்தேன், சுரசுரத்தது. அந்தத் தோலுக்கு இது போதாது.

இன்னும் சன்னமானது வேண்டும் என்று கேட்டபோது கடைக்காரர், "மர வேலைக்கு இதுக்கு மேல யாருப்பா கேக்கறாங்க?" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

மூங்கில் கடையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் கார் டிங்கரிங் ஷெட் ஒன்று உண்டு. அங்கே பெயிண்ட் வேலை பார்க்கும் பாய் ஒருவர், பக்கெட்டில் சோப்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு, கறுப்புக் காகிதம் ஒன்றை நனைத்து நனைத்து ஒரு கார்க் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். உப்புத்தாளுக்கு உரிய கரகர சத்தமே இல்லை. பட்டுத் துணியை மடிப்பது போல ஒரு சத்தம். நான் நின்றேன். மறுநாளும் நின்றேன். கேட்க வாய் வரவில்லை.

மூன்றாவது முறை அவரே நிமிர்ந்து பார்த்தார்.

"க்யா சாப், டெய்லி வந்து பாக்கறீங்கோ. காடி வாங்கப் போறீங்களா, இல்ல காடியைத் திருடப் போறீங்களா?"

உள்ளே வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. "அந்தப் பேப்பரு..." என்று மட்டும் வந்தது.

"இதா? வாட்டர் பேப்பர் சாப். தண்ணியில போட்டாலும் கிழியாது." காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் ஆயிரம் என்று நம்பர் போட்டிருந்தது. "நம்பர் ஏற ஏற சன்னம். ஜே.சி. ரோட்டுல கேளுங்கோ, குடுப்பான். எதுக்கு?"

"ஒரு கம்புக்கு."

"கம்புக்கா!" என்று வியந்து, தேய்ந்துபோன துண்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். "புதுசை விட இது இன்னும் சன்னம். வெச்சிக்கோங்கோ."

ஜே.சி. ரோடு எனக்குப் பழக்கமில்லாத இடம். இருபுறமும் வண்டி சாமான் கடைகள். காவிரித் தண்ணீருக்காகத் தமிழர்களை அடித்த கலாட்டா நடந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. புதுக் கடையில் எந்த மொழியில் வாயைத் திறப்பது என்று ஒரு கணம் யோசிக்கும் பழக்கம் எங்கள் பக்கத்தில் பலருக்கு வந்திருந்தது. எனக்கு அது பேசாமல் இருக்க இன்னொரு சாக்கு. பஸ்ஸில் போகும்போதே கன்னடத்தில் மனப்பாடம் செய்துகொண்டேன்: நானூரு, ஆர்நூரு, சாவிர. ஒரு கடை வாசலில் நின்றேன். பின்னால் வந்தவர்கள் எல்லாம் என் தோளுக்கு மேல் கையை நீட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருவழியாக, "வாட்டர் பேப்பர், நானூரு, ஆர்நூரு, சாவிர" என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன்.

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே கேட்டார். "எந்த வண்டிக்குண்ணா?"

இந்தக் கேள்விக்கு நான் பதில் தயார் செய்து வரவில்லை.

"வண்டி இல்ல."

"பின்ன?"

"தூண்டில் கம்பு."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற மெக்கானிக் ஒருவர், "கரெக்ட்டுதான குரு, மீனுக்குத் தொண்டையில சிராய் ஏறக் கூடாது இல்ல," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கே தெரியாமல் நானும் சிரித்துவிட்டேன். காகிதத்தைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தார்கள். திரும்பும்போது அந்தச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு, மச்சானிடம் இதைச் சொன்னால் எப்படிச் சிரிப்பார் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

பாய் செய்தது போலவே நானும் காகிதத்தை நனைத்து மூங்கிலில் தேய்த்தேன். கார்க் கதவு இரும்பு என்பது எனக்கு உறைக்கவில்லை. ஈரம் பட்டதும், படுத்திருந்த நாரெல்லாம் ஷேவ் செய்யாத முகம் போல எழுந்து நின்றுவிட்டது. கம்பு கெட்டுவிட்டது என்று சுவரில் சாய்த்துவிட்டுப் படுத்துவிட்டேன். அடுத்த நாள் காய்ந்திருந்தது. மனசு கேட்காமல் உலர்ந்த காகிதத்தால் மெல்ல இழுத்தபோது, எழுந்து நின்ற நாரெல்லாம் மாவாக உதிர்ந்தது. மறுபடி ஈரத் துணியால் துடைத்துக் காயவைத்தேன். இந்த முறை எழுந்தது கொஞ்சம்தான். அதையும் தேய்த்தேன். அதற்குப் பிறகு எவ்வளவு ஈரம் பட்டாலும் நார் எழவில்லை. எழ வேண்டியதெல்லாம் எழுந்து போய்விட்டது. நானூறு, அறுநூறு, ஆயிரம் என்று ஏறி, கடைசியில் பாய் கொடுத்த தேய்ந்த துண்டு. நீளவாக்கில் மட்டும்தான் தேய்க்க வேண்டும், குறுக்கே ஓர் இழுப்பு போனாலும் கீறல் தெரியும். கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். இப்போது எதுவும் தெரியவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். மழையும் வெயிலும் படுமே என்று நுனியிலிருந்து அடி வரை வார்னிஷ் அடித்தேன். காய்ந்ததும் தேய்த்து மறுபடி அடித்தேன். மூங்கில் தேன் நிறத்துக்கு வந்து, ஜன்னல் வெளிச்சம் அதில் ஒரு கோடாக ஓடியது.

"இன்னாங்க இது, முகம் பார்த்துப் பொட்டு வெச்சிக்கலாம் போல இருக்குது," என்றாள் மனைவி. "எங்கண்ணன் இதுல மீன் பிடிக்கறதா, இல்ல மாலை போட்டுக் கும்பிடறதா?"

மச்சானிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் முதலில் இடது கையால் தடவினார். பிறகு துண்டை விலக்கி, வலது கையை வெளியே எடுத்து, ஒரு விரலை மட்டும் கம்பின் மேல் ஓட்டினார்.

"குத்தல மாப்ள," என்றார். பிறகு, "செவ்வாய்க்கிழமை எந்த பஸ்ஸு?" என்று கேட்டார்.

பஸ்ஸில் அவர்தான் டிக்கெட் கேட்டார். ஜே.சி. ரோடு கதையைச் சொன்னேன். பாதி வழி சிரித்துக்கொண்டே வந்தார். ஏரிக்கரையில் மைதா மாவு உருண்டையை நான் தூண்டில் முள்ளில் குத்திக் கொடுத்தேன். அவர் வலது கையால் கம்பைப் பிடித்தார். விரல்கள் முழுதாக மடங்கவில்லை, ஆனாலும் பிடித்தார். சற்று நேரத்தில் தணிந்த குரலில் என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, பிடிச்சிருக்கேனா பாரு."

"இன்னா மச்சான்?"

"உள்ளங்கையில சரியா தெரியல. குத்தினா தெரியுது, சூடு தெரியுது. சும்மா பிடிச்சா தெரிய மாட்டேங்குது. கம்பு கையில இருக்குதா பாரு."

இருந்தது. இருக்குது என்றேன். அன்று பலமுறை அப்படிக் கேட்டார், நானும் பார்த்துப் பார்த்துச் சொன்னேன்.

மதியம் மிதவை சட்டென்று முங்கியது. பெரிய மீனாகத்தான் இருந்திருக்க வேண்டும். மச்சான் எழுந்து இழுத்தார். கை மேலே போனது, கம்பு போகவில்லை. அது அவருடைய உள்ளங்கைக்குள்ளிருந்து சோப்புக் கட்டி போல நழுவி, தண்ணீரில் விழுந்து, ஏரியின் நடுவைப் பார்த்துப் போகத் தொடங்கியது. அவர் வெறும் கையை மடக்கியபடி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் "ஹோ" என்று கத்தினார்கள். மீன் தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போன பிறகு கம்பு மிதந்தது. நான் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி எடுத்து வந்தேன்.

அவர் துண்டை எடுத்துக் கையைச் சுற்றிக்கொண்டார். "இனிமே வேணாம் மாப்ள," என்றார். திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் எங்கள் முன்னால் வந்து நின்றார். மச்சான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். டிக்கெட் நான்தான் கேட்டேன்.

கம்பு என் வீட்டு மூலையில் பளபளத்துக்கொண்டு நின்றது. வெந்த தோலில் வேர்வை வராது என்று பிறகு அவர் மனைவி சொன்னாள். இறுகாமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் வேறு தடவச் சொல்லியிருந்தார்கள். வேர்வை இல்லாத, எண்ணெய் தடவிய கையில் நான் கண்ணாடி போல ஒன்றைக் கொடுத்திருந்தேன். குத்தக்கூடாது என்பதையே நினைத்துக்கொண்டிருந்தவன், பிடிக்க வேண்டும் என்பதை நினைக்கவில்லை.

சில வாரம் கழித்து ஷெட் வழியாக வந்தபோது பாய் ஒரு வெள்ளைக் காரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அடிபட்ட கார் அல்ல. பெயிண்ட் நன்றாக மின்னிக்கொண்டிருந்தது. அந்த மின்னலைத்தான் அவர் நனைத்த காகிதத்தால் அழித்துக்கொண்டிருந்தார். தேய்த்த பாதி சுண்ணாம்புச் சுவர் போல மங்கிக் கிடந்தது. இந்த முறை நானாகவே கேட்டுவிட்டேன்.

"நல்லாத்தான பாய் இருக்குது, ஏன் கெடுக்கறீங்க?"

"வேற கலர் அடிக்கணும் சாப். பளபளன்னு இருந்தா புதுப் பெயிண்ட் மேல நிக்காது, வழுக்கிக்கினு வந்துடும். பாலிஷைக் கொன்னாத்தான் பிடிக்கும்." தேய்த்த இடத்தைக் காட்டினார். "தொட்டுப் பாருங்கோ."

தொட்டேன். மேடு பள்ளம் இல்லை, கீறல் இல்லை. ஆனால் விரல் வழுக்கவில்லை. முட்டை ஓட்டைத் தொட்டது போல இருந்தது. முட்டை கையைக் குத்துவதில்லை. கையிலிருந்து நழுவுவதும் இல்லை.

வாட்டர் பேப்பர் பளபளப்பைக் கொண்டுவருவதற்கு என்று இதுவரை நினைத்திருந்தேன். அதை எடுப்பதற்கும் அதே காகிதம்தான்.

அன்று சாயங்காலமே கம்பை எடுத்து உட்கார்ந்தேன். காகிதத்தை நனைத்துக் கைப்பிடிப் பக்கம் வைத்தேன். தேய்க்கவில்லை. எவ்வளவு மங்கினால் போதும் என்று என் கைக்கு எப்படித் தெரியும்? என் கையில் ரேகை இருக்கிறது, வேர்வை இருக்கிறது. கம்பு, தண்ணீர் மொள்ளும் மக்கு, சோப்புத் துண்டு, காகிதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போய் அவர் முன்னால் வைத்தேன்.

"இது இன்னா?" என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கைப்பிடிய நீங்கதான் தேய்க்கணும் மச்சான். வழுக்காத வரைக்கும்."

"அதான் வேணாம்னு சொன்னேன் இல்ல."

அடுப்படியிலிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தாள். "அண்ணா, அவருக்கு அது வேணாம்னா விட்டுடுங்க. இங்க ரெண்டு குண்டான் அடி புடிச்சுக் கெடக்குது, அதைக் குடுக்கறேன். தேய்க்கட்டும்."

"தோ பாரு, சும்மா இரு," என்றார் மச்சான்.

"நான் சும்மாதான் இருக்கேன். சும்மா இருந்து இருந்து இங்க ஒரு கை வீணாப் போவுது."

மச்சான் இடது கையால் காகிதத்தை எடுத்தார். நனைத்தார். அதன் முதுகில் வலது உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். காகிதத்தின் மறுபக்கத்தில் உரசுவது அவருக்குத் தெரியவே இல்லை, அவ்வளவு சன்னம். சோப்புத் தண்ணீர் இதமாக இருந்திருக்க வேண்டும். ஓர் இழுப்பு இழுத்தார். விரல்கள் கம்பைச் சுற்றி வளைய வேண்டியிருந்தது. வளைத்தார். முகம் சுளித்தது, ஆனால் கையை எடுக்கவில்லை.

அதன் பிறகு நான் போகும்போதெல்லாம் மக்கு அவர் பக்கத்தில் இருந்தது. டிவி ஓடிக்கொண்டிருக்கும், அவர் பார்வை கம்பில் இருக்கும். கொஞ்சம் தேய்ப்பார், துடைப்பார், கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பிடித்துப் பார்ப்பார். "இன்னும் வழுக்குது," என்று மறுபடி நனைப்பார். காகிதம் தீர்ந்தபோது நான் ஜே.சி. ரோட்டுக்குப் போய் வாங்கி வந்தேன். அதே கடைக்காரர், "மீனு மாட்டிச்சாண்ணா?" என்று கேட்டார். "மாட்டும்," என்று சொன்னேன். ஒரு நாள் போனபோது மச்சான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஸ்பூன் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. வலது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

கைப்பிடியில் இருந்த வார்னிஷ் மங்கி, தேன் நிறம் போய்ச் சந்தன நிறத்துக்கு வந்துவிட்டது. அவர் கை வளைந்த அளவுக்கு அந்த இடம் ஒரு பக்கம் லேசாகத் தேய்ந்து ஒடுங்கியும் இருந்தது. நான் எத்தனை அளவெடுத்துச் செய்திருந்தாலும் அந்த வளைவு வந்திருக்காது. கைப்பிடிக்கு மேலே மட்டும் அப்படியே மின்னியது.

அடுத்த செவ்வாய் சந்தாபுரா பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். கண்டக்டர் வந்தபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் டிக்கெட் கேட்டோம். "நீ எப்போலேருந்து பேச ஆரம்பிச்சே?" என்றார்.

ஏரியில் தண்ணீர் குறைந்து கரையோரம் கோரை முளைத்திருந்தது. நானும் எனக்கென்று புதிதாக ஒரு கம்பு செய்து கொண்டுபோயிருந்தேன். அதில் கைப்பிடியைத் தேய்க்க நேரமில்லாமல் வார்னிஷோடு விட்டுவிட்டேன். என் கைதானே என்ற எண்ணம். முதலில் இரண்டொரு தடவை அவர் கேட்டார். "பிடிச்சிருக்கேனா பாரு." இருக்குது என்றேன். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார். பக்கத்தில் இருந்த ஆனேக்கல் ஊர்க்காரர் ஒருவரோடு பேச்சில் இறங்கிவிட்டார். பேக்கரியில் வரும் வாரம் சேர்வதாக அவரிடம்தான் முதலில் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. எனக்குக் கேட்கும்படி சொன்னார்.

நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய மிதவை ஆடியது. ஒரு முறை, இரண்டு முறை, பிறகு முங்கியது. அவர் கையையே பார்த்தேன். விரல்கள் இறுகின. கம்பு வளைந்தது. நுனி தண்ணீரைத் தொடும் அளவுக்கு வளைந்தது. கை அசையவில்லை.

"மச்சான், பிடிச்சிருக்கீங்க!" என்று கத்தினேன். என் வாழ்க்கையில் நாலு பேர் இருக்கும் இடத்தில் அவ்வளவு சத்தமாகக் கத்தியது அதுதான் முதல் தடவை.

"தெரியுது மாப்ள, தெரியுது!" என்றார். "நீ உன் கம்பைப் பாரு!"

திரும்பிப் பார்த்தேன். என் கையில் கம்பு இல்லை. கோரையைத் தாண்டி, பளபளவென்று மின்னிக்கொண்டு, அது பாட்டுக்கு நடு ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தது.